காது சுடும் பூனைக்குட்டிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாமா?

கேள்வி: மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் கிடைத்த குட்டியை வளர்க்கிறோம். இரண்டு மாதம் இருக்கும், தடுப்பூசி போடவில்லை. நேற்று ராத்திரியிலிருந்து மீனைக்கூட மோந்து பார்க்கவில்லை. காது சுடுகிறது, மூக்கு காய்ந்திருக்கிறது. என் பையனுக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப்பில் இரண்டு சொட்டு கொடுக்கலாமா?
– வாசகி, காசிமேடு

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா, ஒரு சொட்டுகூட வேண்டாம். பாராசிட்டமாலைச் செரித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. மருந்தின் நச்சு சிவப்பணுக்களைத் தாக்குவதால் ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும், உயிரே போகும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முறிமருந்து உண்டு, சீக்கிரம் போனால்தான் பலன்.

காதையும் மூக்கையும் தொட்டுக் காய்ச்சலைச் சொல்ல முடியாது. பூனைக்கு இயல்பான சூடே 100.4 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கோ 98.6. அதனால் நன்றாக இருக்கும் குட்டியும் நம் கைக்குச் சுடும்.

மருந்துக்கடையில் நுனி வளையும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, குட்டிக்கென்றே தனியாக வையுங்கள். ஒருவர் குட்டியைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் வாலைத் தூக்கி, நுனியில் வாசலின் தடவி, ஆசனவாயில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் நுழைத்து, பீப் சத்தம் வரும்வரை பிடிக்க வேண்டும். திமிறினால் விட்டுவிடுங்கள், அழுத்தினால் உள்ளே கிழியும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் மதியம் அளந்தால் வெயில் சூடும் சேர்ந்து காட்டும். நிழலில், மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம் படுக்கவைத்துப் பிறகு அளங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மட்டும் அளக்கக் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

103-ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவர். 105 என்றால் அந்த நிமிடமே. 99-க்குக் கீழே போனால் அதுவும் அவசரம்தான். தடுப்பூசி போடாத குட்டிகளைக் கொல்லும் பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய் முதலில் காய்ச்சலாக வரும், பிறகு வாந்தி, பேதி. கடைசிக் கட்டத்தில் உடம்பு சில்லிட்டுப் போகும். ‘காய்ச்சல் விட்டுடுச்சு’ என்று பலர் நிம்மதியாவது அப்போதுதான்.

உங்கள் குட்டிக்கு அளவு என்ன காட்டினாலும் இன்றே தூக்கிக்கொண்டு போங்கள். இந்த வயதில் ஒரு ராத்திரி பட்டினியே ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். துவண்டு கிடந்தால் ஈறில் குளுக்கோஸ் தண்ணீரை விரலால் தடவுங்கள். இங்க் ஃபில்லரில் பாலை ஊற்றிவிடாதீர்கள். விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்கு அது நுரையீரலுக்குள் போகும். உடம்பு சில்லென்றிருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

வாந்தி எடுத்த இடத்தில் ஃபினாயில் வேண்டாம், அதுவும் பூனைக்கு விஷம். 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, காய்ந்த பிறகே குட்டியை விடுங்கள். பையனைக் கடித்தோ கீறியோ இருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.