ஓய்வுநாளும் ஒரு தகப்பனும்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் ஒரு தம்பி மாதக்கணக்காக ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்கிறார். பாடகர் குழுவிலிருந்து நீக்கிவிட்டோம். ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரிக்கும் கட்டளையைத் தளர்த்தினால் சுயாதீனம் என்று சொல்லி ஆளாளுக்கு இஷ்டப்படி நடப்பார்கள். நாங்கள் செய்தது சரிதானே? ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்பதையும் தெளிவுபடுத்துங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

கொஞ்ச நாட்களாக லூக்கா 13ஆம் அதிகாரத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். 18 வருடம் கூனியாக இருந்த பெண்ணை இயேசு ஓய்வுநாளில் குணமாக்குகிறார். ஜெப ஆலயத்தலைவனுக்குக் கோபம். யாரைக் கடிந்துகொள்கிறான், பாருங்கள். குணமாக்கியவரை அல்ல, ஜனங்களை! வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அப்போது வந்து குணமாகுங்கள் என்கிறான். அந்தப் பெண் எதையும் கேட்கவே இல்லை; இயேசுதான் அவளைக் கூப்பிட்டார். இத்தனை வருடமும் தரையைப் பார்த்தே நடந்தவள் நிமிர்ந்து தேவனைத் துதிக்கிறாள். உடனே அவள் காதில் விழுவது இந்த ஏச்சு.

இயேசு என்ன கேட்டார்? ஓய்வுநாளில் உங்கள் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துக் கொண்டுபோய்த் தண்ணீர் காட்டுகிறீர்களே, இவளை அவிழ்த்துவிடக் கூடாதா என்றார். மாட்டின் தாகத்துக்கு இடம் கொடுத்த கட்டளை மனுஷிக்கு இடம் கொடுக்காதா?

சனியா ஞாயிறா என்பதை விடுங்கள், ரோமர் 14இல் பவுல் சொல்வது போதும்: ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் சமமாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும். சுயாதீனம் பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பவுலுக்கும் அது இருந்தது. அதனால்தான் கலாத்தியருக்கு எழுதும்போது, சுயாதீனத்தை மாம்சத்துக்கு இடமாக்காமல் அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யுங்கள் என்றார். அந்தத் தம்பி வீட்டில் செய்துகொண்டிருப்பது அதைத்தானே?

பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி அவர்களைக் கைவிட்டவர்களை மாற்கு 7இல் இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார்! நீங்கள் அந்தத் தம்பியை அதையே செய்யச் சொல்கிறீர்கள். அப்பாவுக்கு என்ன நோய், ராத்திரியில் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது யார், மகன் எப்போது தூங்குகிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. போய்ப் பார்த்தீர்களா?

முதலில் போய் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் ஞாயிறுதோறும் ஒருவர் முறை வைத்து அந்த அப்பாவின் பக்கத்தில் இருங்கள், தம்பி ஆராதனைக்கு வந்துவிடுவார். அவரை நீக்கக் கூடிப் பேசிய உங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.