வண்டி கேள்வி-பதில்: ஃபியூவல் பம்ப் ரீகால்

கே: 2018 மாடல் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அந்த மாடலுக்கு ஃபியூவல் பம்ப் ரீகால் வந்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு ஒரு தகவலும் வரவில்லையே?
- வாசகர், திருமங்கலம்

ப: ரீகால் என்றால், குறையுள்ள பாகத்தைக் கம்பெனியே வண்டியை அழைத்து இலவசமாக மாற்றித் தருவது. இங்கே அது டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலை அனுப்பும் பம்ப். தகவல் பழைய ஓனருக்குப் போயிருக்கும். ஆர்.சி.யில் பெயர் மாற்றினாலும் கம்பெனி கணக்கில் பெரும்பாலும் அவர் போன் நம்பர்தான் இருக்கும். ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க சேசிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தின் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். மாடலும் வருஷமும் பொருந்தினால் மட்டும் போதாது. குறையுள்ள பாகம் ஏறிய வண்டிகளுக்குத்தான் ரீகால்.

பட்டியலில் இருந்தால் கம்பெனியின் எந்த சர்வீஸ் சென்டரிலும் மாற்றலாம். வண்டி சென்னையில் வாங்கியது என்றாலும் மதுரையிலேயே முடியும். பம்ப் ஸ்டாக் இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். டேங்கை நிரப்பிக்கொண்டு போக வேண்டாம். பம்ப் டேங்குக்குள் இருப்பதால் கழற்றும்போது பெட்ரோல் வழியும். பாகம், லேபர் இரண்டுக்கும் காசு கிடையாது. ‘கூடவே இன்ஜெக்டர் கிளீனிங் பண்ணிடலாமா சார்?’ என்பார்கள். அது ரீகாலில் சேராது, தனி பில். ரீகால் வேலை முடிந்ததென்று ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் தரும் வேலைச் சீட்டு) எழுதி வாங்குங்கள். வண்டியை விற்கும்போது உதவும்.

கே: போன வருஷமே வெளியில் பம்ப் மாற்றிவிட்டேன். இனி போகத் தேவையில்லைதானே?
- வாசகர், உசிலம்பட்டி

ப: போங்கள். குறையுள்ள பம்ப் ஸ்பேராகவும் விற்றிருக்கலாம். 2024-இல் ஹோண்டா இங்கே 90,468 கார்களுக்கு ஃபியூவல் பம்ப் ரீகால் அறிவித்தது. அதில் 2,204 கார்கள், முன்பு ஸ்பேராக அந்த பம்பைப் போட்டுக்கொண்ட பழைய மாடல்கள். பில்லையும் எடுத்துப் போங்கள். செலவழித்த பணத்தை எழுத்தில் கேளுங்கள்; எல்லாக் கம்பெனியும் தந்துவிடாது.

கே: பம்ப் ஏன் நிற்கிறது? ஓடும்போது நின்றால்?
- வாசகர், மேலூர்

ப: இந்த வகை ரீகால்களில் வழக்கமான காரணம், பம்புக்குள் சுழன்று பெட்ரோலைத் தள்ளும் சின்ன பிளாஸ்டிக் சக்கரம், அதாவது இம்பெல்லர். பெட்ரோலில் ஊறி உப்பி, உறையில் உரசி, கடைசியில் சிக்கிக்கொள்ளும். பெட்ரோல் பிரஷர் விழுந்ததும் இன்ஜின் அணையும். அதற்கு முன்பே மேட்டில் இழுவை குறையும், வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓட்டம் (ஐடிலிங்) தடுமாறும். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் ஒன்றிரண்டு வினாடி மெல்லிய இரைச்சல் வர வேண்டும். வராவிட்டால் முதலில் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள், பிறகு பம்ப்.

நான்கு வழிச்சாலையில் நின்றால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக் கல்லாகும். பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமுள்ள வேக்கூம் (வெற்றிட இழுப்பு) ஓரிரு மிதிக்குத்தான் வரும். விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். ஹசார்டு லைட்டைப் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். வண்டி உருளும்போது சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

கே: கம்பெனி ரீகாலே அறிவிக்காவிட்டால்?
- வாசகர், சோழவந்தான்

ப: 2021 ஏப்ரல் 1 முதல், 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அரசே கட்டாய ரீகால் உத்தரவிடலாம். மத்திய அரசின் வாகன இணையதளமான பரிவாகனில் புகாரைப் பதியுங்கள். உங்கள் கைக்காசைத் திரும்பப் பெற அது போதாது. 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும்.