உள்ளே புதைந்த எல்லையை எக்ஸ்-கதிரில் பார்க்க முடியுமா?

கேள்வி: தருமபுரியிலிருந்து எழுதுகிறேன், இயற்பியல் ஆய்வு மாணவி. சிலிக்கான் வேஃபர் (மெல்லிய தகடு) மேல் டைட்டானியம் டை ஆக்சைடு, அதன் மேல் துத்தநாக ஆக்சைடு, ஒவ்வொன்றும் 40 நானோமீட்டர் அளவில் கோட்டிங் செய்திருக்கிறேன். சூடுபடுத்திய பிறகு இரண்டும் சந்திக்கும் இடத்தில் கலந்துவிட்டதா என்று படலத்தை உடைக்காமல் அறிய வேண்டும். கல்லூரியில் இருக்கும் எக்ஸ்.ஆர்.டி (படிகத்தை எக்ஸ்-கதிரால் ஆராயும் கருவி) போதுமா?

பதில்: வழக்கமான பவுடர் ஸ்கேன் போதாதும்மா. அது என்ன படிகம் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எல்லை எப்படி இருக்கிறது என்று சொல்லாது. நீங்கள் கேட்க வேண்டியது எக்ஸ்.ஆர்.ஆர், அதாவது கதிரைப் பரப்பை உரசுகிற மாதிரி மிகச் சாய்வாக விட்டு, எதிரொளித்து வருவதை அளப்பது. செம்பு எக்ஸ்-கதிர்க் குழாயின் 0.154 நானோமீட்டர் அலைநீளக் கதிருக்கு சிலிக்கானில் சுமார் 0.22 டிகிரி வரை முழு எதிரொளிப்புதான். அதைத் தாண்டினால் கதிர் உள்ளே இறங்கி, ஒவ்வொரு எல்லையிலிருந்தும் கொஞ்சம் திரும்பி வரும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து வரைபடத்தில் அலை அலையாகத் தெரியும். 40 நானோமீட்டர் படலத்துக்கு அலை இடைவெளி 2 தீட்டாவில் (விழும் கோணத்தின் இரு மடங்கு) ஏறக்குறைய 0.22 டிகிரி. உங்களுக்கு இரண்டு படலம் என்பதால் மொத்தத் தடிமனின் அலையும் சேர்ந்து கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஆனால் பலர் ஏமாறுவது இங்கேதான். எல்லை கலந்திருந்தாலும் சரி, கலக்காமல் வெறுமனே சொரசொரப்பாக இருந்தாலும் சரி, நேர் எதிரொளிப்பு (விழுந்த அதே கோணத்தில் திரும்புவது) வரைபடம் ஒரே மாதிரிதான் மங்கும். சாஃப்ட்வேர் 'ரஃப்னஸ் (சொரசொரப்பு) 1.5 நானோமீட்டர்' என்று கொடுத்ததை அப்படியே 'கலப்பு' என்று கட்டுரையில் எழுதினால் கட்டுரையைச் சரிபார்க்கும் ரெஃப்ரி விடமாட்டார். பிரித்தறிய, டிடெக்டரை ஒரே கோணத்தில் நிறுத்திவிட்டு சாம்பிளை மட்டும் ஆட்டும் ராக்கிங் ஸ்கேனும் வேண்டும்: சொரசொரப்பு கதிரைப் பக்கவாட்டில் சிதறடிக்கும், சீரான கலப்பு அவ்வளவாகச் சிதறடிக்காது.

சாம்பிள் தட்டையாக இருக்கணும். நம்ம கிருஷ்ணகிரி கிரானைட் பாலிஷ் போட்டால் முகம் தெரியும், ஆனால் இந்தக் கதிரின் கணக்கில் அது கரடுமுரடு. கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிவதை நம்பி சாம்பிளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீளமும் முக்கியம், 0.1 மில்லிமீட்டர் கதிர் 0.2 டிகிரியில் விழுந்தால் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டருக்குப் பரவிவிடும், சின்னத் துண்டில் பாதிக்கு மேல் வெளியே போய்விடும்.

எங்கே அளப்பது? முதலில் பெங்களூரு. ஐ.ஐ.எஸ்.சி-யின் நானோ அறிவியல் மையத்தில் வெளியாட்களின் சாம்பிளையும் கட்டணத்துக்கு அளந்து தருகிறார்கள். சிக்னல் போதவில்லை என்றால் அப்புறம் இந்தூரின் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் (மிக வலுவான எக்ஸ்-கதிர் தரும் பெரிய இயந்திரம்), அதற்கு கைடு மூலம் புரொபோசல் போட வேண்டும். ஒரே ஒரு சாம்பிளோடு போகாதீர்கள்: வெறும் வேஃபர், டைட்டானியம் டை ஆக்சைடு மட்டும் போட்டது, சூடுபடுத்தாத ஜோடி, சூடுபடுத்திய ஜோடி என்று நான்கையும் ஒரே செட்டிங்கில் அளந்து, தடிமனை எலிப்சோமெட்ரியில் (ஒளியால் தடிமன் அளக்கும் முறை) ஒருமுறை சரிபார்த்து வைத்துக்கொண்டால், அளவுகளோடு மாதிரியைப் பொருத்தும் ஃபிட்டிங்கில் ஆளுக்கொரு விடை வருகிற தலைவலி பெருமளவு குறையும்.