பாலக்காட்டுப் பக்கம் கடல் புதைபடிவம் தேட இடம் உண்டா?

கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒருவர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு குழுவாகப் போகக் கேட்டிருக்கிறார். நானும் அதே ஊர்தான். பக்கத்தில் இல்லை. நம் சித்தூர் தாலுக்காவில் குன்றைத் தட்டினால் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் பாறைதான். பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்த கல்லில் சங்கு சிப்பி எங்கே தங்கும்?

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊருக்குப் போங்கள். போன தை மாதம் நாங்கள் பதினான்கு பேர் வேன் பிடித்து, ராத்திரி கிளம்பி, விடியற்காலை பாடாலூரில் டீ குடித்துவிட்டுப் போனோம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், அங்கே கடல். இப்போது ஓடைகள் அரித்த வெறும் களிமண் மேடு, ஒதுங்க ஒரு மரம் இல்லை. தரையில் பளபளவென்று மின்னுவதைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடினார்கள். அது ஜிப்சம், ஏமாறாதீர்கள்.

குனிந்து நடந்தால்தான் கண் பழகும். எனக்கு முதலில் கிடைத்தது விரல் பருமனில், தேன் நிறத்தில், தோட்டா மாதிரி ஒரு கல். பெலம்னைட். உடைந்த முனையில் நடுவிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பிகள் போல மெல்லிய கோடுகள். கிளிக்கூண்டில் கணவாய் ஓடு மாட்டுவோமே, அந்தக் கணவாயின் தூரத்துச் சொந்தம் இது. அப்புறம் அம்மோனைட்டின் உடைந்த வளைவு ஒன்று கிடைத்தது; சுருண்ட ஓட்டோடு வாழ்ந்து அழிந்துபோன கடல் உயிரி அது. கூட வந்த அத்தை அந்தத் துண்டைக் கையில் வாங்கி, "சாளக்கிராமமாட்ட இருக்குதே" என்றார். தப்பில்லை, நேபாளத்துச் சாளக்கிராமமும் அம்மோனைட்தான்.

பை நிறைந்த பிறகுதான் குழுவில் இருந்த புவியியல் வாத்தியார் வாயைத் திறந்தார். காரை மேடு இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் தேசியப் புவியியல் நினைவிடப் பட்டியலில், அதாவது பாதுகாக்க வேண்டிய இடங்களின் பட்டியலில், இருக்கிறதாம். வேனிலேயே சொல்லியிருக்கலாம்! ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வேறு, "இத எடுத்துட்டுப் போயி என்னய்யா பண்ணப் போறீங்க?" என்று சிரித்தார். பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, எடுத்த ஓடையிலேயே கொட்டினோம். எது எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் அதற்குள் போயே போச்சு.

அதனால் பை வேண்டாம், கேமராவும் தொப்பியும் தண்ணீரும் போதும். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், களிமண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். ஊர் திரும்பும் முன் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம், வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம் இரண்டையும் பார்க்கலாம். நாங்கள் கல்மரத்தோடு சரி, பிள்ளைகள் பசி என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள்.