சதுப்பு நிலங்களில் கிடைக்கும் பழைய மரப்பாதைகளை முழுவதும் தோண்டி எடுக்காமல் ஏன் மண்ணிலேயே விட்டுவைக்கிறார்கள்?

இங்கிலாந்தில் சாமர்செட் பக்கம் ஷாப்விக் ஹீத் சதுப்புக்குப் போயிருந்தபோது எனக்கும் இதே கேள்விதான் வந்தது. 'ஸ்வீட் டிராக்' என்ற பாதை அங்கேதான் புதைந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரிவதோ நாணலும் கறுப்புத் தண்ணீரும்தான். மாதிரிக்கு ஒரு துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். அகலம் ஒற்றைப் பலகை. அடிமேல் அடி வைத்துத்தான் நடக்க முடிந்தது.

அந்தக் கறுப்பு மண்ணுக்குப் பெயர் பீட். செத்த பாசியும் நாணலும் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தது. தண்ணீரில் ஊறியே கிடப்பதால் காற்று உள்ளே போகாது. மரத்தை அரிக்கும் பூஞ்சையும் வளராது. வேலிக் கம்பு மண்மட்டத்தில்தான் முதலில் இற்றுப்போகும், கவனித்திருப்பீர்கள். ஈரமும் காற்றும் சேரும் இடம் அது.

1970இல் பீட் வெட்டும் ரே ஸ்வீட் என்பவர் வாய்க்கால் தூர்வாரும்போது ஒரு கெட்டிப் பலகை தட்டுப்பட்டது. பாதைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். தொல்லியல் அறிஞர் ஜான் கோல்ஸ் தலைமையில் ஆய்வு நடந்தது. ஆண்டு வளையங்களை எண்ணி, மரம் வெட்டியது கி.மு. 3807–3806 வாக்கில் என்று கண்டுபிடித்தார்கள். கழிகளைப் பெருக்கல் குறி போலச் சாய்த்து நட்டு, அந்தக் கவையில் ஓக் பலகைகளை வரிசையாகப் பொருத்தியிருக்கிறார்கள், ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்கு! பாதையோரம் ஆல்ப்ஸ் மலைக் கல்லில் செய்த ஒரு பச்சைக் கோடரியும் கிடைத்தது. வழவழவென்று தீட்டிய கோடரி.

சரி, எடுத்துவிட்டால் என்ன? அந்த மரத்துக்குள் இப்போது பலம் என்று இருப்பது தண்ணீர்தான். அப்படியே உலரவிட்டால் சுருங்கி, முறுக்கி, வெடித்துவிடும். தண்ணீர் இருந்த இடத்தில் மெழுகு போன்ற ரசாயனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஒரு துண்டைப் பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். பாதை முழுவதற்கும் அதைச் செய்வது நடக்கிற காரியமா?

ஆனால் விட்டுவைப்பது என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது இல்லை. யார்க்‌ஷயரில் ஸ்டார் கார் என்று, இதே போல் பீட்டில் புதைந்த ஒரு பழைய குடியிருப்பு, சுமார் 11,000 ஆண்டு பழையது. 1949 முதல் 1951 வரை தோண்டியபோது தலையில் அணியும் மான்கொம்பு முகப்புகள் 21 கிடைத்தன. பின்னாளில் வயல்களில் வடிகால் போட, நீர்மட்டம் இறங்கியது. காற்றுப் பட்டதும் மண்ணில் இருந்த கந்தகம் அமிலமாக மாறியது. இந்த நூற்றாண்டில் மறுபடி தோண்டியவர்கள் கையில் சில எலும்புகள் ஜெல்லி போலக் குழைந்து வந்தன. அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 11,000 ஆண்டு தாங்கியது, நம் காலத்தில் கரைகிறது.

அதனால்தான் ஷாப்விக்கில் பாதை இருக்கும் சுமார் 500 மீட்டர் நிலத்துக்கு, வறண்ட மாதங்களில் பம்பு வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். அப்புறம் அங்கங்கே குழாய் இறக்கி நீர்மட்டத்தையும் அளக்கிறார்கள். நான் இருந்த அரைமணி நேரமும் நல்ல மழை. செருப்பெல்லாம் சேறு. மனசுக்கு அவ்வளவு நிம்மதி.