நிலக்கரி வயலைத் தொடாத தண்டவாளம்

கேள்வி: ஒரு பிராந்திய சரக்கு ரயில் நிறுவனம் தன் பாதையைப் பெரிய அளவில் நீட்டத் திட்டம் போட்டு, கடைசிவரை நடக்காமலே போனதுண்டா? ஏன் நடக்கவில்லை?

உண்டு. அமெரிக்காவின் டகோட்டா, மின்னசோட்டா அண்ட் ஈஸ்டர்ன் ரயில்ரோடு. சுருக்கமாக டி.எம். அண்ட் இ. அதன் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் 2005-06இல் ஒரு வருடம் குடியிருந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வேலை நிமித்தமாக மின்னசோட்டாவின் ராச்செஸ்டரில் இருந்தேன். மேயோ கிளினிக் இருக்கும் ஊர். மருத்துவமனைக் கட்டடங்களுக்குச் சில தெருக்கள் வடக்கே, ஊரின் நடுவே அந்தப் பாதை போகும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கூட்ஸ் வண்டி வந்தால் பெரிது. சோளமும் கோதுமையும் ஏற்றிக்கொண்டு அவசரமே இல்லாமல் நகரும். இந்த வண்டிக்காகவா ஊரே சண்டை போடுகிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. சண்டை வந்துகொண்டிருந்த வண்டிகளுக்காக அல்ல, வரப்போவதாகச் சொல்லப்பட்ட வண்டிகளுக்காக. நாளைக்கு முப்பதுக்கும் மேல், எல்லாம் மைல் நீள நிலக்கரி ரயில்கள்.

கதை 1986இல் தொடங்குகிறது. சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் என்ற பெரிய நிறுவனம், தெற்கு டகோட்டாவிலும் மின்னசோட்டாவிலும் தனக்கு லாபம் தராத சுமார் ஆயிரம் மைல் பாதையைக் கழற்றிவிட்டது. அதை எடுத்து ஓட்டத்தான் டி.எம். அண்ட் இ. உருவானது. தேய்ந்த தண்டவாளம், மக்கிய கட்டைகள். சில இடங்களில் மணிக்கு 10 மைலுக்கு மேல் போக முடியாது. வண்டி தடம்புரள்வது அடிக்கடி நடக்கும். தானியம், சிமெண்ட், பெண்டோனைட் களிமண் இவற்றில் வரும் வருமானம் அன்றாட ஓட்டத்துக்குப் போதும், பாதையைப் புதுப்பிக்கப் போதாது.

1996இல் தலைவராக வந்தவர் கெவின் ஷீஃபர். ரயில்காரர் அல்ல, வழக்கறிஞர். அவர் போட்ட கணக்கு எளிமையானது. தன் பாதையின் மேற்குக் கோடிக்கு அப்பால், வயோமிங்கில் பவுடர் ரிவர் பேசின் இருக்கிறது. அமெரிக்காவின் மிகப் பெரிய நிலக்கரி வயல். கந்தகம் குறைந்த கரி. 1990இல் காற்று மாசுச் சட்டம் கடுமையானதும் மின்நிலையங்கள் அந்தக் கரிக்கு வரிசையில் நின்றன. அங்கிருந்து கரி எடுத்துப்போக இரண்டே ரயில் நிறுவனங்கள்தான். மூன்றாவதாக நாம் நுழைந்தால்?

சுமார் 280 மைல் புதுப் பாதை போட வேண்டும், பழைய பாதையில் 600 மைல் அளவுக்குப் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். ஆண்டுக்கு 10 கோடி டன் வரை கரி கொண்டுபோகலாம். ஆரம்ப மதிப்பீடு 140 கோடி டாலர். இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், மேலே பார்த்தால் நிலக்கரித் திட்டம், உள்ளே பார்த்தால் ஓட்டை ஒழுகும் வீட்டைக் கட்டிக்கொள்ள ஒரு வழி. கரி காசு கொடுக்கும், அந்தக் காசில் தானியப் பாதை நிமிரும்.

இந்த யோசனையும் புதிதல்ல. இவர்களைக் கழற்றிவிட்ட அதே நார்த் வெஸ்டர்ன், 1984இல் இதே வயலுக்குள் நுழைந்துதான் பிழைத்தது. ஆனால் ஒரு வித்தியாசம். அந்த நிறுவனமும் முதலில் நெப்ராஸ்காவில் ஓடும் தன் பழைய பாதையைச் சீரமைத்துக் கரி கொண்டுபோகப் பார்த்தது, பணம் திரளவில்லை. பிறகு யூனியன் பசிஃபிக் என்ற பணக்காரக் கூட்டாளியோடு சேர்ந்து, அதன் பாதையோடு இணையும் சின்னத் தொடுப்பு ஒன்றைப் போட்டுக் காரியத்தை முடித்தது. (கடைசியில் 1995இல் அந்தக் கூட்டாளியே அதை விழுங்கிவிட்டது, அது வேறு கதை.) டி.எம். அண்ட் இ.க்கு அப்படி ஒரு கூட்டாளி அமையவில்லை. அது அரசாங்கத்தின் கதவைத் தட்டியது.

1998இல் மத்திய தரைவழிப் போக்குவரத்து வாரியத்திடம் மனு போனது. எதிர்ப்பு பல பக்கமிருந்தும் கிளம்பியது. மேற்கே, தங்கள் மேய்ச்சல் நிலத்தை ரயில் குறுக்கே வெட்டும் என்று பண்ணைக்காரர்கள். லக்கோட்டா பழங்குடியினர். கிழக்கே ராச்செஸ்டர் நகரமும் மேயோவும். ஆம்புலன்ஸ் லெவல் கிராசிங்கில் நின்றால் என்ன ஆவது என்ற கேள்விக்கு அந்த ஊரில் எதிர்வாதம் பேசுவது கஷ்டம்.

எங்கள் அலுவலகத்தில் மூத்த சகா ஒருவர், தெற்கு டகோட்டா விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், மதிய சாப்பாட்டு நேரத்தில் தனியாளாக எதிர்வாதம் பேசுவார். அறுவடை முடிந்தும் வேகன் வராமல் தானியம் குவிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர். "உங்களுக்கு ஹாரன் சத்தம்தான் பிரச்சினை, எங்க அப்பாவுக்கு வண்டியே வராததுதான் பிரச்சினை" என்பார். மேசையில் யாரும் அவரோடு ஒத்துப்போனதில்லை. எனக்கு உள்ளுக்குள் அவர் பக்கமும் நியாயம் இருப்பதாகப் பட்டது. வாடகைக்கு இருப்பவன் என்று வாயைத் திறக்கவில்லை.

வாரியம் 2002 ஜனவரியில் அனுமதி கொடுத்தது. 2003 அக்டோபரில் எட்டாவது சர்க்கியூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது. காரணம் முக்கியமானது. புதுப் பாதையால் கரி போகும் வழி மாறுமே தவிர, எரிக்கப்படும் அளவு கூடாது என்ற வாதம் வாரியத்தின் முன் வைக்கப்பட்டிருந்தது. சரக்கு சுலபமாகக் கிடைத்து விலையும் குறைந்தால் தேவை கூடாது என்பது எந்த ஊர் நியாயம் என்ற தோரணையில் நீதிபதிகள் கேட்டார்கள். கூடுதல் புகையையும் கணக்கில் எடுத்துத் திரும்ப ஆராயச் சொன்னார்கள். இன்றும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது.

வாரியம் திரும்ப ஆராய்ந்து 2006 பிப்ரவரியில் மறுபடி அனுமதித்தது. டிசம்பரில் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. எட்டு வருடம் கழித்து சட்டரீதியாக ஜெயித்தாயிற்று. ஆனால் இதற்குள் செலவு மதிப்பீடு 600 கோடி டாலரை எட்டிவிட்டது.

அதில் சுமார் 230 கோடி டாலரை மத்திய அரசின் ரயில் கடன் திட்டத்தில் கேட்டிருந்தார்கள். இதே திட்டத்தில் முன்பு 23.3 கோடி வாங்கியவர்கள்தான். இப்போது கிட்டத்தட்ட அதைப் போல் பத்து மடங்கு. அந்தத் திட்டத்தின் உச்சவரம்பே 2005இல் 350 கோடியிலிருந்து 3,500 கோடி டாலராக உயர்த்தப்பட்டிருந்தது. உயர்த்த முன்னின்றவர் தெற்கு டகோட்டா செனட்டர் ஜான் தூன். செனட்டர் ஆவதற்கு முன் இதே நிறுவனத்துக்காக வாஷிங்டனில் பரிந்து பேசும் வேலை பார்த்தவர். எதிர்ப்பாளர்கள் இதை விடுவார்களா? சரியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

2007 பிப்ரவரி 26. மத்திய ரயில் நிர்வாகத்தின் தலைவர் ஜோசப் போர்ட்மேன் கடன் கிடையாது என்றார். வரி கட்டுபவர்களின் பணத்துக்கு ஏற்க முடியாத அபாயம் என்பது காரணம். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, அது இதுதான்.

ஆக, "மேயோ கிளினிக் தடுத்துவிட்டது" என்று ராச்செஸ்டரில் சொல்வது பாதி உண்மை. வழக்கில் எதிர்ப்பாளர்கள் கடைசியில் தோற்றார்கள். ஆனால் அவர்கள் இழுத்த இழுப்பில் செலவு பல மடங்கானது, அந்தச் செலவுதான் கடனைக் கொன்றது.

அதே 2007 செப்டம்பரில் கனடியன் பசிஃபிக் 148 கோடி டாலருக்கு நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. ஒப்பந்தத்தில் ஒரு சுவையான நிபந்தனை. 2025 டிசம்பர் 31க்குள் நிலக்கரிப் பாதையின் கட்டுமானம் தொடங்கினால், விற்றவர்களுக்கு இன்னும் 35 கோடி டாலர். கரி ஓட ஆரம்பித்தால் அதற்கு மேலும். அதாவது 2007இல்கூட அந்தக் கனவுக்கு ஒரு விலை இருந்தது.

2008இல் வயோமிங்கின் கரி உற்பத்தி உச்சம் தொட்டது, சுமார் 47 கோடி டன். அப்புறம் இயற்கை எரிவாயு மலிந்தது, மின்நிலையங்கள் கரியை விட்டு விலகின. 2012 டிசம்பரில் கனடியன் பசிஃபிக் திட்டத்தைக் காலவரையின்றித் தள்ளிவைத்து, 18 கோடி கனடா டாலர் அளவுக்கு நஷ்டக் கணக்கு எழுதியது. 2020இல் வயோமிங் வெட்டிய கரி 2008இல் வெட்டியதில் பாதிகூட இல்லை. அந்தக் கடன் கிடைத்துப் பாதையும் போட்டிருந்தால், தவணை கட்ட வேண்டிய வருடங்களில் வேகன்கள் காலியாக நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். போர்ட்மேனுக்கு ஜோசியம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் அந்த முடிவு சரி.

2014இல் மின்னசோட்டாவின் ட்ரேசியிலிருந்து மேற்கே இருந்த சுமார் 670 மைல் பாதையை கனடியன் பசிஃபிக் விற்றுவிட்டது. இப்போது அது ராப்பிட் சிட்டி, பியர் அண்ட் ஈஸ்டர்ன் என்ற பெயரில் பழையபடி கோதுமையும் சோளமும் களிமண்ணும் ஏற்றிப் போகிறது. வாங்கிய தாய் நிறுவனத்தின் பெயர் ஜெனசீ அண்ட் வயோமிங். பெயரிலாவது வயோமிங் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டாம், அந்த வயோமிங் நியூயார்க் மாநிலத்தில் இருக்கிறது.