விளம்பர நிறுவனத்துக்கு 3 லட்சமா? வேண்டாம் நண்பரே

இரண்டு பேர் மூன்று வருடம் உழைத்த புதிர் விளையாட்டு, கையில் மிச்சம் 4 லட்சம், அதில் 3 லட்சத்தை விளம்பர நிறுவனம் கேட்கிறது, அடுத்த மாதம் ஸ்டீமில் (கணினி விளையாட்டுகள் விற்கும் இணையக் கடை) வெளியீடு என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

2009இல் வந்த ‘மாடர்ன் வார்ஃபேர் 2’ என்ற போர் விளையாட்டை உருவாக்க 4 முதல் 5 கோடி டாலர், விளம்பரம், விநியோகம் எல்லாம் சேர்த்து 20 கோடி டாலர் என்று அப்போதே செய்தி வந்தது. அந்தப் பந்தயத்தில் உங்கள் 3 லட்சம் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

என் முதல் விளையாட்டுக்கு 60,000 ரூபாய்க்கு விளம்பரம் போட்டேன். கிளிக் கொட்டியது, விஷ்லிஸ்டில், அதாவது ‘பிறகு வாங்கலாம்’ என்று வைக்கும் பட்டியலில், சேர்த்தவர்கள் நாற்பது சொச்சம் பேர். காரணம் பிறகுதான் புரிந்தது: டிரெய்லரின் முதல் பன்னிரண்டு நொடியும் எங்கள் லோகோதான் சுழன்றது! உள்ளே வந்தவர்கள் விளையாட்டைப் பார்க்காமலே போய்விட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சரி, இலவசமாக ஆடிப் பார்க்க ஒரு டெமோ இருக்கிறதா? இல்லையென்றால் வெளியீட்டைத் தள்ளிப்போடுங்கள். வரப்போகும் விளையாட்டுகளின் டெமோக்களை எல்லோரும் ஆடிப் பார்க்கும் இணைய விழாவான ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்டில் ஒரு விளையாட்டுக்கு ஒரே வாய்ப்புதான், அதுவும் வெளியீட்டுக்கு முன்னால். விஷ்லிஸ்டில் வைத்தவர்களுக்கு விளையாட்டு வெளியானதும் ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். அந்தப் பட்டியலை வளர்ப்பதுதான் இப்போது உங்கள் வேலை.

பணத்தை ஸ்டீம் பக்கத்தின் முகப்புப் படத்துக்கு ஒரு நல்ல ஓவியரிடம் கொடுங்கள். புதிர் விளையாட்டில் வசனம் குறைவு என்பதால் சீன மொழிபெயர்ப்புக்கும் அதிகம் ஆகாது, ஸ்டீமில் சீன மொழிக்காரர்கள் ஏராளம். அப்புறம், விற்பனையில் ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும், விலை வைக்கும்போது மறக்காதீர்கள்.

டிரெய்லர் இணைப்பை இங்கே போடுங்கள், இன்றிரவே பார்த்துச் சொல்கிறேன்.